நம்மை நமக்குச் சொல்பவர்கள்

உன்னை நீ அறிய வேண்டுமானால் ஊர் சொல்வதைக் காதில் வாங்காதே, கண்ணை மூடி உனக்குள் பார். இந்த அறிவுரை இன்று கேட்காத இடமில்லை. வார இதழ்களின் ஆன்மிகப் பக்கத்தில் வருகிறது. நிறுவனங்கள் ஊழியர்களுக்கு நடத்தும் ஆளுமைப் பயிற்சியில் வருகிறது. தேர்வில் தோற்ற மாணவனுக்கும் மணவாழ்வில் நொந்துபோன பெண்ணுக்கும் ஆறுதலாகச் சொல்லப்படுகிறது. சமூகம் தொடாத ஓர் அசல் ‘நான்’ ஒவ்வொருவருக்குள்ளும் முழுசாக இருக்கிறது என்ற நம்பிக்கை இதற்கு அடிப்படை. அதைக் காணும் வழி அவரவரிடம் மட்டுமே உண்டு என்பது அதை ஒட்டிய இன்னொரு நம்பிக்கை. இரண்டையும் ஏற்றுக்கொண்டால், நம்மைப் பற்றிப் பிறர் சொல்வதெல்லாம் அந்த அசலை மறைக்கும் இரைச்சல் என்ற முடிவு தானாக வந்துவிடும். இவை எல்லாமே தவறு என்பது என் வாதம். மனிதர் தம்மைப் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் அறிகிறார்கள். செய்த செயல்கள் விட்டுச் சென்ற தடம், கூட வாழ்பவர்கள் தரும் சாட்சியம், தம்மை ஆளாக்கிய சமூகத்தின் வரலாறு ஆகியவற்றிலிருந்து வரும் அறிவு அது. உள்நோக்கும் அந்த விசாரணையில் ஒரு சாட்சிதான். ஆனால் குறுக்கு விசாரணை செய்யாமல் நம்பக்கூடாத சாட்சி.

அந்தச் சாட்சியின் தரத்தை முதலில் பார்ப்போம். 1977-இல் ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட கட்டுரையில் கடையில் நடத்திய ஒரு சோதனை வருகிறது. மேசையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கடைக்கு வந்தவர்களிடம் கேட்டார்கள். நான்கும் ஒரே ரகம். இடது கோடியில் இருந்ததை 12 சதவீதத்தினரும் வலது கோடியில் இருந்ததை 40 சதவீதத்தினரும் தேர்ந்தார்கள். வைத்திருந்த இடம்தான் தேர்வைத் திருப்பியிருக்கிறது என்பது எண்களில் தெரிகிறது. காரணம் கேட்டபோது ஒருவர்கூடத் தாமாக இடத்தைச் சொல்லவில்லை. பின்னல் நேர்த்தி என்றார்கள், மென்மை என்றார்கள். இடம் காரணமாக இருக்குமோ என்று நேரடியாகக் கேட்டதும் ஏறக்குறைய எல்லோரும் மறுத்தார்கள். 2005-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்டர் யோஹான்சன், லார்ஸ் ஹால் குழுவினர் இதை இன்னும் கூர்மையாகக் காட்டினார்கள். 120 பேரிடம் இரண்டிரண்டாகப் பெண்களின் புகைப்படங்களைக் காட்டி, யார் அழகு என்று கேட்டார்கள். சுட்டிக்காட்டிய படத்தைக் கையில் கொடுத்து, ஏன் இவரைத் தேர்ந்தீர்கள் என்றார்கள். சில சுற்றுகளில் மட்டும், சீட்டு வித்தை செய்பவர்களின் கைத்திறனோடு, தேர்ந்த படத்துக்குப் பதிலாகத் தள்ளிய படத்தைக் கொடுத்தார்கள். பெரும்பாலும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. தாம் வேண்டாமென்ற முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் தேர்ந்ததற்கான காரணங்களைத் தங்குதடையின்றி விளக்கினார்கள். காதணி பிடித்தது என்று ஒருவர் சொன்னார். அவர் உண்மையில் தேர்ந்த பெண் காதணியே அணிந்திருக்கவில்லை. பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. உள்ளே பார்த்துத்தான் சொன்னார். அந்த நொடியில் தயாரான ஒரு விளக்கம் அங்கே அவருக்குக் கிடைத்தது. அதையே காரணமென்று நம்பினார்.

காலுறையும் முகப்படமும் அற்ப விஷயங்கள், யார் வேண்டுமானாலும் தடுமாறலாம். வாழ்வின் ஆழமான நம்பிக்கைகளில் மனிதன் தன்னை அறிவான் என்று மறுமொழி வரும். அதே குழு 2012-இல் இதற்கும் விடை தேடியது. அறநெறி சார்ந்த கூற்றுகளுக்கு எவ்வளவு உடன்பாடு, எவ்வளவு எதிர்ப்பு என்று வழிப்போக்கர்களைக் குறிக்கச் சொன்னார்கள். எழுதுபலகையின் பின்பக்கம் பசை தடவியிருந்தது. தாளைப் புரட்டியதும் முதலில் இருந்த கூற்றுகளில் சில அதில் ஒட்டிக்கொண்டு கழன்றுவிட, அடியில் அதற்கு நேர்மாறான கூற்று தெரியும். குறித்த எண் மட்டும் அப்படியே இருக்கும். பிறகு உங்கள் கருத்தை விளக்குங்கள் என்றார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர், மாற்றப்பட்ட கூற்றுகளில் ஒன்றையாவது தம் கருத்தென்றே ஏற்றுக்கொண்டார்கள். சற்று முன்பு எதிர்த்ததை இப்போது ஆதரித்து வாதாடியவர்களும் அவர்களில் இருந்தார்கள். இந்த வாதாடும் கருவி எப்படி இயங்குகிறது என்பதற்கு நரம்பியலிலிருந்து ஒரு சான்று. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலம் துண்டிக்கப்பட்ட நோயாளி ஒருவரை மைக்கேல் கசானிகாவும் ஜோசப் லெடூவும் 1970-களில் ஆராய்ந்தார்கள். பேசும் இடப்பாதிக்குக் கோழியின் காலைக் காட்டினார்கள். பேசாத வலப்பாதிக்குப் பனி மூடிய வீட்டைக் காட்டினார்கள். பொருத்தமான படத்தை எடுக்கச் சொன்னபோது வலக்கை கோழியையும் இடக்கை மண்வாரியையும் எடுத்தது. மண்வாரி பனியை அள்ளுவதற்கு. ஆனால் பேசும் பாதி பனியைப் பார்க்கவே இல்லை. ஏன் மண்வாரி என்று கேட்டதும், கோழிக்கூண்டைச் சுத்தம் செய்ய வேண்டுமே என்று அந்த நோயாளி தயங்காமல் சொன்னார். தெரியவில்லை என்ற சொல் வரவில்லை. அவருடைய நிலை அரியது என்பது உண்மைதான். ஆனால் இல்லாத காரணத்தை இருப்பதாக உணர்ந்து சொல்லும் அந்தத் திறன் நோயிலிருந்து வந்ததன்று என்பதைக் காலுறைக் கடைக்கு வந்தவர்கள் காட்டிவிட்டார்கள்.

ஆய்வகத்தை விட்டு இலக்கியத்துக்கு வந்தாலும் இதையே காண்கிறோம். தன் உள்ளத்தை ஒளிவுமறைவின்றித் திறந்து காட்டுவதாகச் சொல்லி எழுதியவர்களில் ரூசோவுக்கு நிகரானவர் குறைவு. அவர் 1778-இல் இறந்தபின் வெளியான ‘ஒப்புதல்கள்’ நூலில் ஒரு திருட்டு வருகிறது. 1728-இல், பதினாறு வயதில், துரின் நகரில் ஒரு சீமாட்டி வீட்டில் அவர் வேலைக்காரப் பையன். சீமாட்டி இறந்த குழப்பத்தில் இளஞ்சிவப்பும் வெள்ளியும் கலந்த பழைய நாடா ஒன்றைத் திருடி மாட்டிக்கொள்கிறார். யார் கொடுத்தது என்று கேட்கிறார்கள். அந்த வீட்டில் சமையல் வேலை செய்த மரியோன் என்ற இளம்பெண்ணைக் கைகாட்டுகிறார். அவள் அழுதபடி மறுக்கிறாள், இவர் சாதிக்கிறார். இருவருக்கும் வேலை போகிறது. நாற்பது ஆண்டுகள் இந்த நினைவு தன்னை வாட்டியது என்று எழுதும் ரூசோ, தன் செயலுக்குத் தரும் காரணத்தைக் கவனிக்க வேண்டும். அந்த நாடாவை அவளுக்குக் கொடுக்கத்தான் நினைத்திருந்தாராம். அவள்மேல் இருந்த அன்பினால் அவள் நினைப்பிலேயே இருந்தாராம். அதனால்தான் அவள் பெயர் வாயில் வந்ததாம். அவர் வருத்தம் உண்மையானது, அதைச் சந்தேகிக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனாலும் அவருடைய உள்நோக்கு போய் நின்ற இடம், தன்னைவிட எளியவளைப் பலிகொடுத்த செயலுக்கு அன்பே மூலம் என்ற முடிவு. அந்த வீட்டில் யார் பெயரைச் சொன்னால் யாரும் நம்ப மறுக்கமாட்டார்கள், யாருக்காகப் பேச ஆளில்லை என்ற கேள்விகளை அவர் தனக்குள் கேட்டுக்கொள்ளவே இல்லை. அவற்றைக் கேட்டிருக்கக்கூடியவள் மரியோன். அவள் பிறகு என்ன ஆனாள் என்பது ரூசோவுக்கே தெரியாது. ரூசோவைப் பற்றி அவள் அறிந்ததை அவர் வாழ்நாளெல்லாம் உள்ளே தோண்டியும் அறிந்திருக்க முடியாது.

உள்நோக்குக்கு எந்த மதிப்பும் இல்லை என்று நான் சொல்லவில்லை. என் பல்வலி எனக்குத்தான் தெரியும்; நான் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே சிரிப்பதும் எனக்குத்தான் தெரியும். உளவியலாளர் சிமின் வசீர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இந்த எல்லையை நன்றாக வரைந்து காட்டுகிறது. ஒருவரின் குணங்களை அவரும் நண்பர்களும் தனித்தனியே மதிப்பிட்டார்கள். அந்த மதிப்பீடுகள் சோதனைகளில் தெரிந்ததோடு ஒப்பிடப்பட்டன. பதற்றம், தன்மதிப்புக் குறைவு போன்ற உள்ளிருக்கும் நிலைகளில் அவரவர் கணிப்பே மேலானது. அறிவுத்திறன், படைப்பாற்றல் போன்றவற்றில், அதாவது நல்லது கெட்டது என்ற மதிப்பு கூடவே ஒட்டியிருக்கும் குணங்களில், நண்பர்களின் கணிப்பு மேலானது. இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நான் தாராளமானவனா, நியாயமானவனா, கூட இருப்பவர்களை அடக்கி ஆள்பவனா என்பவைதான் ஒருவர் தன்னைப் பற்றிக் கேட்கும் பெரிய கேள்விகள். இவற்றில்தான் நமக்கு நம்மேல் சலுகை அதிகம்.

தமிழ் மரபில் இதற்கு எதிரான கருத்தே இருப்பதாக, அதாவது அக வாழ்வு தனியறை வாழ்வு என்று நம் முன்னோர் கருதியதாக, மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. அகத்திணை அப்படி அமையவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை அடுக்கும்போது கூற்றோடு கேட்போரையும் உறுப்பாகவே சேர்க்கிறது. தலைவியின் ஏக்கம் தோழியிடம் சொல்லப்படுகிறது. தோழி சொல்வது மறைந்து நிற்கும் தலைவன் காதில் விழுகிறது. தனக்குள் பேசும் நெஞ்சுகூட எதிரில் நிற்கும் இன்னொருவர்போல விளிக்கப்படுகிறது. களவியலில் இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. தலைவி தன் காதலை வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே தோழி அதை எப்படி உணர்கிறாள் என்று ஏழு குறிப்புகள் தரப்படுகின்றன. மேனியின் மணம் மாறியிருக்கிறது, தோற்றம் மாறியிருக்கிறது, பழக்கவழக்கம் மாறியிருக்கிறது, உணவு குறைந்திருக்கிறது, செய்வதை மறைக்கிறாள், தனியே போகிறாள், ஓரிடத்தையே நாடுகிறாள். எல்லாமே வெளியில் தெரிபவை. காதல்போல அந்தரங்கமான ஒன்றையே பக்கத்தில் இருப்பவள் மூக்காலும் கண்ணாலும் படித்துவிட முடியும் என்று கருதிய மரபு இது. குறளோ, தவறு கண்டால் இடித்துச் சொல்லும் துணை இல்லாத மன்னன், பகைவரே இல்லாவிட்டாலும் கெடுவான் என்கிறது.

ரமணரை இங்கே எதிர்வாதமாக நிறுத்துவார்கள். 1896-இல் மதுரையில், பதினாறு வயதில், மரண பயத்தை நேர்கொண்டு தனக்குள் திரும்பியவர். எந்தச் சமூக அறிவும் இல்லாமல் தன்னை அறிந்தவர் என்பார்கள். அவருடைய விசாரணையை நான் மதிக்கிறேன். ஆனால் அது எதைப் பற்றிய விசாரணை? உடல் நானன்று, புலன்கள் நானல்ல, மனமும் நானன்று என்று ஒவ்வொரு விடையையும் கழற்றிக்கொண்டே போகும் வழி அது. என் இயல்பு என்ன, எனக்கேற்ற வேலை எது, நான் நல்ல தகப்பனா என்ற கேள்விகளுக்கு அங்கே விடை கிடையாது. அந்தக் கேள்விகளைக் கேட்கும் ‘நான்’ அங்கே மிஞ்சுவதில்லை. ஆளுமைப் பயிற்சி வகுப்பில் அவர் பெயரை எடுப்பவர்கள், ஆளுமையையே கடந்து போகச் சொன்னவரை ஆளுமையை மெருகேற்றப் பயன்படுத்துகிறார்கள். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ‘நான் யார்?’ என்ற நூல் நம் கைக்கு வந்தது சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் விருபாட்ச குகைக்குப் போய்க் கேள்வி கேட்டதனால். பேசாதிருந்த ரமணர் எழுதிக் காட்டிய விடைகளால். தத்துவத்தில் இன்னொரு கோடியிலிருந்து, டேவிட் ஹியூம் 1739-இல் உள்ளே பார்த்துவிட்டு, அங்கே வெப்பமும் குளிரும் அன்பும் வெறுப்புமாகிய உணர்வுகள்தான் தட்டுப்பட்டன, அவற்றுக்குச் சொந்தக்காரனாக எதுவும் தென்படவில்லை என்று எழுதினார். நேர்மையாக உள்ளே போனவர்கள் யாரும், அசல் குணத்தோடும் அசல் விருப்பங்களோடும் தயாராகக் காத்திருக்கும் ஒரு தனியாளை அங்கே கண்டதாகச் சொல்லவில்லை.

இப்போது இந்த வாதத்தின் மீது வரக்கூடிய மிகக் கடுமையான எதிர்ப்புக்கு வருகிறேன். சமூகமே பொய் சொன்னால் என்ன செய்வது? ஒருவனைத் தாழ்ந்தவன் என்று ஊரே சொல்லும்போது, அவன் தன் மானத்தை உள்ளேதானே தேட வேண்டும்? இதை எளிதில் தள்ளிவிட முடியாது. கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி 1940-களில் அமெரிக்கக் குழந்தைகளிடம் நிறம் தவிர வேறெதிலும் மாறுபடாத பொம்மைகளைக் காட்டினார்கள். நல்ல பொம்மை எது என்றதும் கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையை எடுத்தார்கள். உன்னைப்போல் இருக்கும் பொம்மை எது என்ற கடைசிக் கேள்வியில் சில குழந்தைகள் அழுதுகொண்டு அறையைவிட்டு ஓடினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் இந்த ஆய்வு இடம்பெற்றது. ஆனால் இந்தக் குழந்தைகளிடம் உனக்குள் பார் என்று சொன்னால் என்ன கிடைக்கும்? தன்னைத் தாழ்வாகக் காணும் அந்தப் பார்வைதான் அங்கே ஏற்கெனவே குடியேறியிருக்கிறது. சமூகத்தின் பொய் வெளியிலேயே நின்றுவிட்டால் உள்நோக்கு அதை முறிக்கலாம். ஆனால் அது உள்ளே வந்து, நம் குரலிலேயே பேசுகிறது. அங்கிருந்து அதை வெளியேற்ற இன்னொரு வெளி வேண்டும்.

அம்பேத்கரின் வாழ்வில் இது கண்கூடு. 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய், பிறகு லண்டனிலும் படித்து, 1917-இல் பரோடா அரசுப் பணிக்குத் திரும்புகிறார். ரயிலை விட்டு இறங்கியதும் தங்குவதற்கு இடம் கிடைக்காது என்பது உறைக்கிறது. வெளிநாட்டில் கழிந்த ஆண்டுகள், தான் தீண்டத்தகாதவன் என்ற நினைவையே துடைத்துவிட்டிருந்தன என்று ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் எழுதுகிறார். பார்சி ஒருவரின் பெயரில் பதிவு செய்துகொண்டு ஒரு பார்சி விடுதியில் தங்குகிறார். பதினோராம் நாள் தடியோடு பத்துப் பன்னிரண்டு பேர் வந்து அவரை வெளியேற்றுகிறார்கள். உதவி கேட்ட நண்பர்களும் கைவிரிக்கிறார்கள். பூங்கா ஒன்றில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறுகிறார். இதில் எந்த அம்பேத்கர் அசல் என்று கேட்பது பொருளற்றது. நியூயார்க்கில் அவர் உணர்ந்த சமத்துவம் அவருக்குள் புதைந்து கிடந்து தானாகத் திறந்துகொண்டதன்று. அவரைச் சமமாக நடத்திய வகுப்பறைகளும் நூலகமும் ஆசிரியர்களும் ஏற்படுத்தியது. பரோடா சொன்னது பொய் என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடிந்ததற்கு, வேறொரு சமூகத்தின் சாட்சியம் கையில் இருந்தது ஒரு பெரிய காரணம். 1927-இல் மகாடில் ஆயிரக்கணக்கானோரோடு, தமக்கு மறுக்கப்பட்டிருந்த குளத்துக்குப் போய் நீர் அள்ளியபோது, அந்தச் சாட்சியத்தை அவர்கள் ஒருவருக்கொருவர் தந்துகொண்டார்கள். தமிழ்நாட்டிலும் அதுதான் நடந்தது. 1925-இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடி, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டுவிடத் தீர்மானித்தது. அதற்கு முந்தைய நாள்வரை அந்தப் பட்டம் உடையவர் கண்ணை மூடித் தன்னைத் தேடியிருந்தால், அந்தப் பட்டமும் ‘நான்’ என்பதன் பகுதியாகவே அகப்பட்டிருக்கும். அது கழற்றக்கூடியது என்பது மாநாட்டுப் பந்தலில், பலர் கூடி, பகிரங்கமாகத் தெரியவந்தது. சுயமரியாதைக்கே ஓர் இயக்கம் தேவைப்பட்டது என்பதை உள்நோக்கின் ஆதரவாளர்கள் எப்படி விளக்குவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தவறான கருத்து வெறும் தத்துவப் பிழையாக இருந்திருந்தால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. அது ஆட்களைக் காயப்படுத்துகிறது. பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கும் இடத்தில் சோர்ந்துபோனவரிடம் உன் மனதைச் சரிசெய் என்று சொல்லி, வேலை நேரத்தைப் பற்றிய பேச்சை அடைத்துவிடுகிறது. எனக்கு என்ன குறை என்று தனியே உட்கார்ந்து தேடுபவர், குறை ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் செய்வார். 1960-களின் இறுதியில் நியூயார்க்கில் பெண்கள் சிறு குழுக்களாக வட்டமாக அமர்ந்து, ஒரே கேள்விக்கு ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். தன் ஒருத்தியின் பலவீனம் என்று ஒவ்வொருவரும் நம்பியிருந்தது அடுத்தவர் வாயிலும் வந்தது. இது வெறும் மனச்சிகிச்சை என்று எழுந்த ஏளனத்துக்கு 1969-இல் பெண்ணியச் செயல்பாட்டாளர் கரோல் ஹானிஷ் விரிவாகப் பதில் எழுதினார். தனிப்பட்ட பிரச்சினை என்று பெண்கள் எண்ணியிருந்தவை அரசியல் பிரச்சினைகள் என்பதை இந்தக் கூட்டங்களில்தான் முதலில் கண்டுகொள்கிறார்கள் என்பது அவர் வாதம். அவர்கள் தம்மைப் பற்றிப் புதிதாக அறிந்தார்கள். அதற்கு அடுத்த நாற்காலியில் இன்னொருத்தி இருக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் நான் என்பது பிறர் கையில் இருக்கும் களிமண்ணா, என் செயலுக்கு நான் பொறுப்பில்லையா என்று கடைசியாகக் கேட்பார்கள். பிறர் சொல்வதெல்லாம் உண்மை என்று நான் எங்கும் சொல்லவில்லை. அவர்களுக்கும் பொறாமை உண்டு, ஆதாயம் உண்டு, பரோடாவில் தடியும் இருந்தது. அவர்களையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். ஆனால் பொறுப்பு என்பதே பிறருக்குப் பதில் சொல்வதில் இருக்கிறது. தன்னிடம் மட்டும் பதில் சொல்பவர் தனக்கு வேண்டிய கேள்வியைத்தான் கேட்டுக்கொள்வார். தான் சாதி பார்ப்பதில்லை என்று மனதார நம்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் எத்தனை முறை உள்ளே பார்த்தாலும் வெறுப்பு எதுவும் தென்படாது. அந்த நம்பிக்கையில் பொய்யில்லை. அவர் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு எந்த டம்ளரில் காப்பி போகிறது, மற்ற டம்ளர்களோடு அதுவும் கழுவி அடுக்கப்படுகிறதா, மகனுக்குப் பெண் பார்த்தபோது எந்த ஜாதகங்கள் பிரிக்காமலே திருப்பி அனுப்பப்பட்டன என்பவை அவருக்கு வெளியே இருக்கும் விவரங்கள். அவற்றைப் பற்றி அந்தப் பெண்ணிடம் கேட்கலாம், தரகரிடம் கேட்கலாம், மகனிடமும் கேட்கலாம். தன்னைப் பற்றி அவர் கேட்டுக்கொண்ட கேள்விக்கு விடை அவர்களிடம் பல ஆண்டுகளாக இருக்கிறது. இதுவரை அவர் கேட்கவில்லை என்பதும் அவரைப் பற்றிய ஒரு விவரம்தான்.